லேட்டன்சி டெஸ்ட் நன்றாக இருக்கிறது, ஆனாலும் மெசா 7ஐ96எஸ் கார்டு பாதி ஜாபில் தொடர்பு அறுந்து நிற்கிறது: லினக்ஸ்சிஎன்சி

பெட்மில்:

வணக்கம். பழைய பெட் டைப் மில்லிங் மெஷின் ஒன்று லினக்ஸ்சிஎன்சிக்கு (கம்ப்யூட்டரிலிருந்து மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேர்) மாறியிருக்கிறது. மூன்று ஆக்ஸிஸ், மூன்றும் ஸ்டெப்/டைரக்‌ஷன் வாங்கும் சர்வோ டிரைவ். ஸ்பிண்டிலுக்கு விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்). விவரம்:

ஹெச்81 சிப்செட் போர்டு, ஐ5-4590, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, ஆன்போர்டு இன்டெல் கிராபிக்ஸ். நெட்வொர்க் போர்டிலேயே உள்ள ரியல்டெக் 8111. டிரைவ்களுக்குப் பல்ஸ் அனுப்பும் கார்டு மெசா 7ஐ96எஸ், கம்ப்யூட்டரிலிருந்து நேராக ஒரே கேபிள், நடுவில் ஸ்விட்ச் இல்லை. டெபியன் 12, லினக்ஸ்சிஎன்சி 2.9, பிரீஎம்ப்ட்-ஆர்டி (ரியல்டைம்) 6.1 கெர்னல். சர்வோ த்ரெட், அதாவது கார்டுக்குக் கட்டளை போகும் சுற்று, 1 மில்லிசெகண்ட்.

லேட்டன்சி ஹிஸ்டோகிராமை இரவு முழுக்க ஓடவிட்டதில் அதிகபட்சம் 38 மைக்ரோசெகண்ட். பயாஸில் மின் சிக்கன, வேக மாற்ற வசதிகளான சி-ஸ்டேட், சி1இ, ஸ்பீட்ஸ்டெப், டர்போ எல்லாம் ஆஃப்.

இவ்வளவுக்குப் பிறகும் ஜாப் ஓடும்போது "எரர் ஃபினிஷிங் ரீட்" என்று செய்தி வருகிறது. சில நேரம் அத்தோடு போகிறது, சில நேரம் வாட்ச்டாக் (தொடர்பு அறுந்தால் கார்டின் வெளியீட்டை நிறுத்தும் காவல்) கடித்து மெஷின் அப்படியே நிற்கிறது, டூல் ஜாபுக்குள்ளேயே. நேரம் காலம் கிடையாது. பென் டிரைவிலிருந்து ஃபைல் காப்பி செய்யும்போது வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம் போலத் தெரிகிறது. கேபிள் மாற்றியாயிற்று. வேறு கம்ப்யூட்டர்தான் வாங்க வேண்டுமா?

நானோசெகண்ட்:

இன்னும் வாங்க வேண்டாம். 38 மைக்ரோசெகண்ட் ஈதர்நெட் கார்டுக்குத் தாராளமாகப் போதும்.

லேட்டன்சி டெஸ்ட் அளப்பது ஒன்றே ஒன்றைத்தான்: த்ரெட் எழ வேண்டிய நேரத்துக்கும் நிஜமாக எழுந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். நெட்வொர்க் கார்டை அது தொடுவதே இல்லை. உங்கள் த்ரெட் சரியான நேரத்துக்கு எழுந்து, கார்டுக்குக் கேள்வி அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறது. பதில் சாக்கெட் வரை வந்து சேரும் வழியில் நெட்வொர்க் சிப், அதன் டிரைவர், இன்டரப்ட் த்ரெட், கெர்னலின் நெட்வொர்க் அடுக்கு என்று நான்கு இடம் இருக்கிறது. தாமதம் அங்கே எங்கோ நடக்கிறது.

காத்திருக்கும் கெடு த்ரெட் நேரத்தில் 80 சதவீதம். 1 மில்லிசெகண்டுக்கு 0.8. அதற்குள் பதில் வராவிட்டால் அந்தச் சுற்றைத் தவறியதாக எடுத்துக்கொள்ளும். ஒரு பாக்கெட் தவறினால் பிழை அளவு 2 கூடும், சரியாக வந்தால் 1 குறையும், 10-ஐத் தொட்டால் போர்டையே செயலிழந்ததாகக் கணக்கு வைத்துவிடும். அதாவது அடுத்தடுத்து ஐந்து தவறினால் முடிந்தது. சில நேரம் செய்தியோடு போவதும் சில நேரம் மெஷினே நிற்பதும் இதனால்தான்.

இரண்டு அளவு எடுத்துப் போடுங்கள்.

ஒன்று, லினக்ஸ்சிஎன்சியை மூடிவிட்டு டெர்மினலில்: சூடோ சிஹெச்ஆர்டி 99 பிங் -ஐ .001 -க்யூ 10.10.10.10 (கடைசியில் இருப்பது கார்டின் அட்ரஸ்). ஒரு நிமிடம் ஓடட்டும், கூடவே பென் டிரைவ் காப்பியும் ஓடட்டும், பிறகு கன்ட்ரோல்-சி. மேக்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். வெறும் பிங் போடாதீர்கள், விநாடிக்கு ஒன்று அனுப்பினால் இந்தக் கோளாறு கண்ணில் படாது.

இரண்டு, லினக்ஸ்சிஎன்சியில் மெஷின் ஆன் செய்து, ஒரு ஜாபைக் காற்றில் ஓட்டி, இன்னொரு டெர்மினலில் ஹால்சிஎம்டி (லினக்ஸ்சிஎன்சியின் உள் மதிப்புகளைக் காட்டும் கட்டளை) மூலம் டிமேக்ஸ் (எடுத்துக்கொண்ட அதிகபட்ச நேரம்) என்று முடியும் பாராமீட்டர்கள் எல்லாவற்றையும் எடுங்கள். எங்களுக்கு வேண்டியது கார்டின் ரீட் டிமேக்ஸ், சர்வோ த்ரெட் டிமேக்ஸ் இரண்டும். அந்த எண் நேனோசெகண்ட் அல்ல, பிராசசர் கிளாக் எண்ணிக்கை. உங்களுடையது 3.3 கிகாஹெர்ட்ஸ், ஆக 33 லட்சம் என்றால் 1 மில்லிசெகண்ட்.

எர்த்கம்பி:

கம்ப்யூட்டரைக் குடைவதற்கு முன் விஎஃப்டியைச் சந்தேகப்படுங்கள் சார். பாதிப் பேர் கெர்னலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார்கள், கடைசியில் பார்த்தால் ஸ்பிண்டில் மோட்டார் கேபிளும் நெட்வொர்க் கேபிளும் ஒரே டிரங்கில் போயிருக்கும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: ஐபி -எஸ் லிங்க் போட்டு அந்த இன்டர்ஃபேஸின் ஆர்எக்ஸ் (உள்ளே வரும் பாக்கெட்) எரர் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். செய்தி வந்தபின் மறுபடி பாருங்கள். எரர் ஏறியிருந்தால் பாக்கெட் கேபிளிலேயே சிதைந்திருக்கிறது: நாய்ஸ், கேபிள், கனெக்டர் இவற்றில் ஒன்று. எரர் பூஜ்யத்திலேயே இருந்தும் டைம்-அவுட் ஆகிறதென்றால் பாக்கெட் முழுசாக வந்திருக்கிறது, கம்ப்யூட்டர்தான் தாமதமாக எடுத்திருக்கிறது.

இன்னொன்று, கார்டின் 5 வோல்ட் சப்ளை. எஸ்எம்பிஎஸ் முனையில் அளக்காதீர்கள், கார்டின் டெர்மினலிலேயே மீட்டர் வையுங்கள், எல்லா டிரைவும் எனேபிள் ஆன நிலையில். மெல்லிய ஒயர் நீளமாகப் போயிருந்தால் அங்கே வோல்டேஜ் இறங்கிப்போய், கார்டு ரீசெட் ஆகும். அப்போதும் இதே செய்திதான் வரும். லிமிட் ஸ்விட்சுக்கான 24 வோல்ட்டின் மைனஸை எங்கே எர்த்தோடு சேர்த்திருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஒரே இடத்தில் சேர வேண்டும், பேனலின் எர்த் பாரில்.

பெட்மில்:

நன்றி இருவருக்கும். அளவுகள்:

பிங் மேக்ஸ் 1.9 மில்லிசெகண்ட், சராசரி 0.14.
ரீட் டிமேக்ஸ் 27,10,000.
சர்வோ த்ரெட் டிமேக்ஸ் 29 லட்சத்துக்கு மேல்.
ஆர்எக்ஸ் எரர் 0, செய்தி வந்த பிறகும் 0.
கார்டு டெர்மினலில் 5.04 வோல்ட். விஎஃப்டியின் பிரேக்கரையே இறக்கிவிட்டு ஓட்டினாலும் செய்தி வருகிறது.

நானோசெகண்ட்:

அப்படியானால் வழக்கு முடிந்தது, நாய்ஸ் இல்லை. 27.1 லட்சத்தை 33 லட்சத்தால் வகுத்தால் 0.82 மில்லிசெகண்ட். உங்கள் கெடு 0.8. பதில் வராமலே கெடு தீர்ந்திருக்கிறது. சராசரி 0.14 என்பதால் சிப் வேகமாகத்தான் இருக்கிறது, எப்போதாவது ஒருமுறை தூங்கி வழிகிறது.

8111 சிப்புக்கு கெர்னலோடு வரும் டிரைவர் ஆர்8169. ஆர்டி கெர்னலில் மெசா கார்டோடு இது சேரும்போது இப்படி நடுநடுவே நீண்ட தாமதம் வருவது பலரும் பார்த்ததுதான். மாற்று, சிப் தயாரிப்பாளரின் டிரைவரான ஆர்8168. டெபியனில் ஆர்8168-டிகேஎம்எஸ் என்ற பெயரில் நான்-ஃப்ரீ பகுதியில் இருக்கிறது (டிகேஎம்எஸ் என்பது கெர்னலுக்கு ஏற்ப டிரைவர் மாட்யூலை உருவாக்கும் ஏற்பாடு). செய்ய வேண்டிய வரிசை முக்கியம்:

1. சோர்ஸ் லிஸ்ட்டில் நான்-ஃப்ரீ சேர்த்து ஏபிடி அப்டேட்.
2. முதலில் ஆர்டி கெர்னலின் ஹெடர் பேக்கேஜ், அதாவது லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஆர்டி-ஏஎம்டி64. சாதா கெர்னல் ஹெடரைப் போட்டால் மாட்யூல் சாதா கெர்னலுக்குத்தான் உருவாகும், ஆர்டியில் பூட் செய்தால் நெட்வொர்க்கே இருக்காது.
3. பிறகு ஆர்8168-டிகேஎம்எஸ். பழைய டிரைவரைத் தடுக்கும் பிளாக்லிஸ்ட் ஃபைலை அதுவே வைத்துவிடும்.
4. பயாஸில் செக்யூர் பூட் ஆஃப். ஆனில் இருந்தால் கையெழுத்தில்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது.
5. இனிட்ராம்எஃப்எஸ் புதுப்பித்து ரீபூட். எல்எஸ்பிசிஐ -கே போட்டால் "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரியில் ஆர்8168 தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் 2-க்குத் திரும்புங்கள்.

இந்த வேலைக்கு இணையம் வேண்டும், அதை வைஃபை டாங்கிளில் எடுங்கள். மெசா கேபிள் செருகிய போர்ட்டை இணையத்துக்கு நம்பாதீர்கள். லினக்ஸ்சிஎன்சி ஓடும்போது கார்டின் டிரைவர் ஐபிடேபிள்ஸ் விதி போட்டு அந்த இன்டர்ஃபேஸில் வேறு போக்குவரத்தை அடைத்துவிடும். ஜாப் ஓடும் நேரத்தில் டாங்கிளைக் கழற்றி வைப்பது உத்தமம்.

டிரைவரோடு நிறுத்தாதீர்கள். கெர்னல் தொடக்க வரியில் இவற்றைச் சேருங்கள்: ஐசோல்சிபியூஸ்=2,3 மற்றும் பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப். முதலாவது, நான்கு கோரில் கடைசி இரண்டை மற்ற புரோகிராம்களிடமிருந்து ஒதுக்குகிறது. லினக்ஸ்சிஎன்சி ஒதுக்கப்பட்டவற்றில் கடைசிக் கோரைத் தானே எடுத்துக்கொள்ளும், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். இரண்டாவது, பிசிஐஇ லிங்க் மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கப்போகும் வசதியைக் கெர்னல் தானாக ஆன் செய்வதைத் தடுக்கிறது. உங்கள் சிப் எப்போதாவது மட்டும் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பிறகு கிரப் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

இனி இன்டரப்ட். ஐஆர்க்யூபேலன்ஸ் இருந்தால் நீக்குங்கள், அது இன்டரப்ட்டைக் கோர் விட்டுக் கோர் நகர்த்திக்கொண்டே இருக்கும். ப்ராக் இன்டரப்ட்ஸ் ஃபைலில் உங்கள் இன்டர்ஃபேஸ் பெயர் உள்ள வரியின் எண்ணைப் பார்த்து, அந்த எண்ணின் எஸ்எம்பி அஃபினிட்டியில் 4 என்று எழுதுங்கள். 4 என்பது பிட் கணக்கில் கோர் 2. த்ரெட் கோர் 3-இல், நெட்வொர்க் இன்டரப்ட் கோர் 2-இல், மற்றதெல்லாம் 0, 1-இல். பூட்டுக்குப் பூட்டு எண் மாறலாம் என்பதால், ஸ்கிரிப்ட் எழுதினால் எண்ணை நேராக எழுதாமல் இன்டர்ஃபேஸ் பெயரை வைத்துத் தேடிக்கொள்ளட்டும்.

அட்ரஸ் விஷயத்தையும் சரிபாருங்கள். இன்டர்ஃபேஸஸ் ஃபைலில் ஸ்டாட்டிக், 10.10.10.1, மாஸ்க் 255.255.255.0, கேட்வே வரியே கூடாது. கேட்வே போட்டால் இணையப் போக்குவரத்து முழுக்க மெசா கார்டு பக்கம் போய் முட்டி நிற்கும். நெட்வொர்க் மேனேஜர் அந்த இன்டர்ஃபேஸைத் தொடக் கூடாது.

ஸ்டெப்பர்சாமி:

ஏன் பாஸ் இவ்வளவு தலைவலி? பழைய போர்டில் பேரலல் போர்ட், ஆர்டிஏஐ (இன்னொரு ரியல்டைம் வகை) கெர்னல், வேலை முடிஞ்சுது. நெட்வொர்க்கே வேண்டாமே.

நானோசெகண்ட்:

சின்ன ரவுட்டர் மெஷினுக்குச் சரி, இந்த மெஷினுக்குக் கட்டாது. கணக்கைப் பாருங்கள். 5 மிமீ பிட்ச் பால் ஸ்க்ரூ, டிரைவில் சுற்றுக்கு 2000 பல்ஸ் என்று வைத்தால் மில்லிமீட்டருக்கு 400 பல்ஸ். ரேப்பிட் நிமிடத்துக்கு 6 மீட்டர் வேண்டுமென்றால் விநாடிக்கு 100 மிமீ, அதாவது 40 கிலோஹெர்ட்ஸ். பல்ஸ் உருவாக்கும் பேஸ் த்ரெட் 25 மைக்ரோசெகண்டில் ஓடி, பல்ஸை அதே சுற்றிலேயே இறக்கிவிடும் பேரலல் போர்ட்டின் ரீசெட் வசதியையும் பயன்படுத்தினால்தான் 40 கிலோஹெர்ட்ஸ் வரும். ரீசெட் இல்லாமல் 20.

வந்தாலும் ஒரு சங்கடம். பல்ஸ் இடைவெளி 25-இன் மடங்காக மட்டுமே இருக்க முடியும். 40 கிலோஹெர்ட்ஸுக்கு அடுத்தது நேராக 20 தான். நடுவில் ஏதாவது வேகம் கேட்டால் 25, 50, 25, 50 என்று கலந்து விடும், மோட்டார் கரகரக்கும். அவருடைய 38 மைக்ரோசெகண்ட் ஜிட்டர் (நேர ஆட்டம்) 25 மைக்ரோசெகண்ட் த்ரெட்டுக்கு எந்த வகையிலும் ஆகாது, "அன்எக்ஸ்பெக்டட் ரியல்டைம் டிலே" செய்திதான் வரும். ஆர்டிஏஐ போட்டால் ஜிட்டர் குறையும், உண்மைதான், ஆனால் ஈதர்நெட் மெசா கார்டின் டிரைவர் ஆர்டிஏஐயில் ஓடாது. கையில் இருக்கும் கார்டைத் தூக்கிப் பரணில் போட வேண்டியதுதான்.

மெசா கார்டில் பல்ஸைக் கார்டே உருவாக்குகிறது. கம்ப்யூட்டர் 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வேகத்தை மட்டும் சொன்னால் போதும். 38 அல்ல, 100 மைக்ரோசெகண்ட் ஜிட்டர் இருந்தாலும் தாங்கும்.

படிப்பவர்களுக்கு இன்னொன்று: யுஎஸ்பி-பேரலல் கன்வெர்ட்டர் வாங்கிவிடாதீர்கள். அது பிரிண்டருக்கானது, லினக்ஸ்சிஎன்சி நேராக எழுதக்கூடிய போர்ட் அட்ரஸ் அதில் இல்லை. யுஎஸ்பி-ஈதர்நெட் டாங்கிளில் மெசாவை மாட்டுவதும் இதே ரகம்தான், பதில் வரும் நேரத்துக்கு உத்தரவாதம் இல்லை. பிசிஐஇ பேரலல் கார்டு என்றால் வெளியீடு 5 வோல்ட்டா 3.3-ஆ என்று மீட்டரில் பார்க்காமல் டிரைவோடு இணைக்காதீர்கள். 3.3 வோல்ட் கார்டில் டிரைவின் உள்ளீட்டு ஆப்டோ (சிக்னலை ஒளி மூலம் கடத்தும் பாகம்) அரைகுறையாகத் திறந்து ஸ்டெப் தொலையும்.

எர்த்கம்பி:

டிரைவர் மாற்றியும் சரியாகவில்லையென்றால் போர்டை மாற்ற வேண்டாம், ஒரு பிசிஐஇ நெட்வொர்க் கார்டு போதும். இன்டெல் ஐ210 கிடைத்தால் நல்லது, ஐஜிபி டிரைவரில் ஓடும். பழைய 82574எல்-உம் பரவாயில்லை. இன்டெல் கார்டில் கட்டாயம் செய்ய வேண்டியது: எத்டூல் -சி (பெரிய எழுத்து சி), இன்டர்ஃபேஸ் பெயர், ஆர்எக்ஸ்-யுசெக்ஸ் 0. அந்தக் கார்டுகள் பாக்கெட்டுகளைக் கொஞ்சம் சேர்த்து வைத்து ஒரே இன்டரப்ட்டாகக் கொடுக்கும். ஃபைல் டவுன்லோடுக்கு அது நல்லது. நமக்கு ஒரு பாக்கெட் வந்தாலும் உடனே வர வேண்டும். இஇஇ என்ற மின் சிக்கன வசதியையும் எத்டூலிலேயே ஆஃப் செய்யுங்கள். "ஆதரவில்லை" என்று பதில் வந்தால் அந்த டிரைவரில் அது இல்லை, விட்டுவிடலாம்.

பெட்மில்:

ஆர்8168 போட்டாயிற்று, தொடக்க வரி இரண்டும் சேர்த்தாயிற்று, இன்டரப்ட் கோர் 2-இல். இப்போது பிங் மேக்ஸ் 0.21. ரீட் டிமேக்ஸ் 7,20,000. காப்பி, வீடியோ, பிரவுசர் எல்லாம் சேர்த்து ஓட்டியும் செய்தி இல்லை.

இரண்டு சந்தேகம். நடுவில் தற்காலிகமாக இருக்கட்டும் என்று சர்வோ பீரியடை 20,00,000 ஆக்கிப் பார்த்தபோது மூன்று ஆக்ஸிஸும் நின்ற இடத்திலேயே முனகின, ஃபாலோயிங் எரர் (கேட்ட இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் வித்தியாசம் கூடிய பிழை) வந்தது. ஏன்? அடுத்தது, 1 மில்லிசெகண்டிலேயே வேகமாக நகரும்போது ஹால் ஸ்கோப்பில் (லினக்ஸ்சிஎன்சியின் வரைபடக் கருவி) வேகக் கோடு மெல்லிய ரம்பப் பல் போல இருக்கிறது. இது சரிதானா?

நானோசெகண்ட்:

7.2 லட்சம் என்றால் 0.22 மில்லிசெகண்ட். நல்ல அளவு, கெடுவுக்கு நான்கில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதல் அவ்வளவுதான்.

முனகலுக்குக் காரணம் பி மதிப்பு. ஸ்டெப்ஜென்னோடு (பல்ஸ் உருவாக்கும் பகுதி) பிஐடி (பிழையைத் திருத்தும் கட்டுப்பாடு) வைக்கும்போது பி என்பது 1-ஐ சர்வோ பீரியடால் வகுத்தது. 1 மில்லிசெகண்டுக்கு 1000. அப்போது ஒரு சுற்றில் இருக்கும் பிழையை அடுத்த சுற்றுக்குள் சரியாகத் திருத்தும். பீரியடை 2 மில்லிசெகண்ட் ஆக்கிவிட்டு பி-யை 1000-இலேயே விட்டால் பிழையின் இரண்டு மடங்கைத் திருத்தும், அடுத்த சுற்றில் எதிர்ப்பக்கம் அதே அளவு பிழை, மறுபடி இரண்டு மடங்கு. அதுதான் முனகல். 2 மில்லிசெகண்ட் தேவைப்படுகிறவர்கள் ஐஎன்ஐ ஃபைலில் மூன்று ஜாயின்ட்டுக்கும் பி = 500 என்று மாற்ற வேண்டும். உங்களுக்கு இனி தேவை இல்லை, 10,00,000-க்கே திரும்புங்கள்.

கூடவே ஸ்டெப்ஜென் மேக்ஸ் ஆக்சிலரேஷன், ஜாயின்ட்டின் மேக்ஸ் ஆக்சிலரேஷனைவிட 25 சதவீதம் கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் திருத்துவதற்கு இடமே இல்லாமல் ஃபாலோயிங் எரர் வரும்.

ரம்பப் பல் டிபிஎல்எல் போடாததால். கார்டு தன் ஸ்டெப் எண்ணிக்கையைப் பிடித்துச் சொல்வது கேள்வி வந்து சேர்ந்த நொடியில். அந்த நொடி முன்பின் 40 மைக்ரோசெகண்ட் ஆடினால், விநாடிக்கு 50 மிமீ வேகத்தில் 0.002 மிமீ பொய்யான பிழை தெரியும். பி 1000 என்பதால் அது விநாடிக்கு 2 மிமீ வேக ஆட்டமாகிறது. ஸ்கோப்பில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். டிபிஎல்எல் வைத்தால் எண்ணிக்கையைக் கார்டு தன் சொந்தக் கடிகாரப்படி சீரான இடைவெளியில் பிடித்து வைக்கும், கேள்வி எப்போது வந்தாலும் கவலை இல்லை.

ஹால் ஃபைலில் இரண்டு செட்பி வரி: ஹெச்எம்2_7ஐ96எஸ்.0.டிபிஎல்எல்.01.டைமர்-யுஎஸ் என்பதற்கு -100, ஹெச்எம்2_7ஐ96எஸ்.0.ஸ்டெப்ஜென்.டைமர்-நம்பர் என்பதற்கு 1. மைனஸ் குறி கட்டாயம், கேள்வி வருவதற்கு 100 மைக்ரோசெகண்ட் முன்பே பிடித்து வை என்று அர்த்தம். உங்கள் ஜிட்டர் 38 என்பதால் -100 போதும். ஜிட்டர் 100-ஐத் தாண்டும் கம்ப்யூட்டரில் இன்னும் முன்னால் நகர்த்த வேண்டும்.

பெட்மில்:

போட்டேன், கோடு நேராகிவிட்டது. கெர்னல் அப்டேட் வந்தால் என்ன செய்வது?

எர்த்கம்பி:

மெஷின் கம்ப்யூட்டரில் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிடுங்கள் சார். லினக்ஸ்-இமேஜ்-ஆர்டி, லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஆர்டி இரண்டையும் ஏபிடி-மார்க் ஹோல்டில் வையுங்கள். என்றாவது வேண்டுமென்றே அப்டேட் செய்தால், ரீபூட்டுக்கு முன் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் போட்டு புதுக் கெர்னல் எண்ணுக்கு நேரே 8168 "இன்ஸ்டால்டு" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரீபூட் செய்யாதீர்கள், ஹெடரைப் போட்டுவிட்டு மாட்யூலை மறுபடி உருவாக்குங்கள். ரீபூட்டுக்குப் பிறகு ஜாப் ஏற்றும் முன் அந்த ஒரு நிமிட பிங்.